சிச்சுவான் மலைகளில் பத்து நாள் பறவைப் பயணம்: ஒரு மதிப்பீடு

சீனாவின் சிச்சுவான் மாகாணத்து மலைகளில் பறவை பார்ப்பதற்கென்றே ஒரு சிறு பயண நிறுவனம் நடத்தும் பத்து நாள் சாலைப் பயணத்தில் சென்ற மே மாதம் நாங்கள் நால்வர் கலந்துகொண்டோம். செங்டு நகரில் தொடங்கும் வழி வோலோங், பாலாங் கணவாய், ரிலோங், மெங்பி மலை, ருவோர்காய் புல்வெளி, தாங்ஜியாஹ காடு என்று சுற்றிவந்து மீண்டும் செங்டுவிலேயே முடிகிறது. வண்டி, ஓட்டுநர், பறவை வழிகாட்டி, தங்குமிடம், மூன்று வேளை உணவு ஆகியவை கட்டணத்தில் அடக்கம். விமானச் செலவு நம்முடையது. மலைக்காட்டு நாட்களுக்காக இந்தப் பயணத்தைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். ருவோர்காய்க்கு ஒதுக்கிய இரண்டு நாட்களை நீக்கிவிடச் சொல்வேன்.

வண்டியை நாமே வாடகைக்கு எடுத்து ஓட்டிப் போகலாமே என்று எண்ணுபவர்களுக்கு ஒரு செய்தி: நம் ஊரில் வாங்கிச் செல்லும் சர்வதேச ஓட்டுநர் அனுமதி சீனாவில் செல்லாது. கூகுள் வரைபடமும் அங்கே கைகொடுப்பதில்லை. மலையூர்க் கடைகளில் சீன மொழி தவிர வேறொன்றும் எடுபடாது. ஆகவே ஓட்டுநரோடு கூடிய சேவை ஆடம்பரமன்று, தேவையே. செலவுக்கு அலிபே செயலியில் நம் வங்கி அட்டையை முன்கூட்டியே இணைத்துக்கொண்டால் போதும்.

இந்தப் பயணத்தின் உயிர் பாலாங் கணவாயில் இருக்கிறது. ஏறத்தாழ 4,480 மீட்டர் உயரத்தில் உள்ள இந்தக் கணவாய்க்குக் கீழே சுரங்கப்பாதை அமைந்த பிறகு லாரிகளும் பேருந்துகளும் அதன் வழியே போய்விடுகின்றன. கொண்டை ஊசி வளைவுகளோடு மேலே ஏறும் பழைய சாலை, மேகத்துக்கும் யாக் மாடு மேய்ப்பவர்களுக்கும் எங்களைப் போன்றவர்களுக்கும் மிஞ்சியிருக்கிறது. நாடு முழுவதற்கும் பெய்ஜிங் நேரமே பொது என்பதால், மேற்கே தள்ளியிருக்கும் இந்த மலைகளில் மே மாதத்தில்கூட ஆறு மணியை ஒட்டித்தான் சூரியன் எழுகிறது. வழிகாட்டி எங்களை நாலரை மணிக்கே கிளப்பி, விடியும்போது புல்சரிவுகளுக்கு எதிரே நிறுத்தினார். பிறகு மூன்று மணி நேரம் நாங்கள் பார்த்ததெல்லாம் மூடுபனிதான். கீழ்க்காட்டுக்குப் போய் வேறு எதையாவது பார்க்கலாம் என்று எங்களில் ஒருவர் சொன்னபோது, வழிகாட்டி தன் தொலைநோக்கியை விட்டு நகராமல், சரிவின் ஒரு பகுதியிலிருந்து வரும் விசில் போன்ற குரலைக் கேட்கும்படி கையைக் காட்டினார்.

பனி விலகிய நான்கைந்து நிமிடங்களில் சீன மோனால் என்ற மலைக்கோழியின் சேவல் ஒன்று பாறை மேல் நின்றது. நம் பட்டுச்சேலைக் கடைகளில் மயில்கழுத்து என்று சொல்லும் அந்த நிறத்தை, செம்பும் ஊதாவும் கலந்து ஒரு கோழியின் மேல் போர்த்தியதுபோல் இருந்தது. அது திரும்பியபோது முதுகின் கீழ்ப்பகுதி வெள்ளையாகத் தெரிந்தது. சீனாவுக்கு வெளியே எங்கும் வாழாத, அழியும் ஆபத்தில் உள்ள இனம் இது. மருந்துக்காகத் தோண்டப்படும் பெய்மூ என்ற செடியின் கிழங்குகளைக் கிளறித் தின்பதால், இதற்கு உள்ளூரில் 'பெய்மூக் கோழி' என்று பெயர். அந்த மூன்று மணி நேரக் காத்திருப்பை வீணென்று எண்ணி வண்டியைக் கிளப்பாத வழிகாட்டிக்காகவே நான் கட்டணத்தில் பாதியைக் கொடுப்பேன். மதியத்துக்குள் கிராண்டலா என்ற சிறுபறவைகளின் கூட்டம் ஒன்றும் வந்தது. பனித்திட்டின் மேல் நீல நிறம் அலையலையாக எழுந்து இறங்கியதைப் படமெடுக்க முயன்ற எனக்கு ஒரு நல்ல படமும் தேறவில்லை.

இதே இடத்தில்தான் நிறுவனத்தின் பெரிய தவறும் இருக்கிறது. சுமார் 500 மீட்டர் உயரமுள்ள செங்டுவிலிருந்து புறப்பட்ட அன்றே கணவாயைக் கடந்து, 3,200 மீட்டரை ஒட்டிய ரிலோங்கில் படுக்க வைத்தார்கள். எங்கள் நண்பர் ஒருவர் இரவு முழுவதும் தலைவலியாலும் குமட்டலாலும் தூங்காமல், மறுநாள் அதிகாலையை விடுதி அறையிலேயே கழித்தார். மோனாலைப் பார்க்காத ஒரே ஆள் அவர்தான். கடைகளில் விற்கும் பிராணவாயுக் குப்பியை வழிகாட்டி வாங்கிக் கொடுத்தது நல்லெண்ணம்தான் என்றாலும், முதல் இரண்டு இரவுகளை 2,000 மீட்டரை ஒட்டிய வோலோங்கில் கழித்திருந்தால் குப்பிக்கே தேவை இருந்திருக்காது. முன்பதிவு செய்பவர்கள் இந்த மாற்றத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

மெங்பி மலையின் ஊசியிலைக் காட்டில் ரத்த ஃபெசன்ட், வெண்செவி ஃபெசன்ட் என்ற இரண்டு காட்டுக்கோழிகள், காக்கைக் குடும்பத்துச் சிச்சுவான் ஜே ஆகிய மூன்றையும் இரண்டு காலைகளில் பார்த்தோம். கடைசியாகச் சொன்ன ஜேவுக்காக வழிகாட்டி அதன் குரலை ஒலிப்பெட்டியில் திரும்பத் திரும்ப ஒலிக்கவிட்டது எங்களுக்கு உறுத்தியது. இனப்பெருக்கக் காலத்தில் கூட்டைக் காக்க வேண்டிய பறவையை இல்லாத எதிரியோடு மல்லுக்கட்ட வைப்பது அது. நிறுத்தச் சொன்னதும் முகம் சுளிக்காமல் நிறுத்திவிட்டார். புழுவை இட்டுப் பறவையை வரவழைக்கும் புகைப்பட மறைவிடம் ஒன்றுக்கும் அழைத்தார், மறுத்துவிட்டோம். வெண்செவி ஃபெசன்ட்டுகளுக்குத் திபெத்திய மடாலயங்களில் துறவிகள் தானியம் இடுவது வேறு கதை. அங்கே யாரும் கட்டணம் வசூலிப்பதில்லை.

ருவோர்காய் புல்வெளி 3,400 மீட்டர் உயரத்தில் பரந்து கிடக்கிறது. 1876-இல்தான் அறிவியல் உலகுக்கு அறிமுகமான, கொக்கு இனங்களில் கடைசியாக விவரிக்கப்பட்ட கருங்கழுத்துக் கொக்கை அங்கே இணையாகக் கண்டோம். குளிர்காலத்தில் கூந்தன்குளத்தில் பார்த்துப் பழகிய வரித்தலை வாத்து, இங்கே குஞ்சுகளோடு நீந்தியதைப் பார்த்தபோது உறவுக்காரர் வீட்டுக்கு வந்ததுபோல் இருந்தது. ஆனாலும் இவற்றுக்காக இரண்டு நாட்களின் பெரும்பகுதியை வண்டிக்குள் செலவழித்தோம். அந்த நேரத்தில் பாலாங்கில் இன்னும் இரண்டு விடியல்கள் கிடைத்திருக்கும்.

தாங்ஜியாஹவில் பொன்னிற ஃபெசன்ட் சாலையைக் கடந்தது, மாலையில் தாக்கின் என்ற பெரிய மலைவிலங்கின் கூட்டம் மாட்டுமந்தைபோல் ஓடைக்கரையில் மேய்ந்தது. இங்கே குறை சொல்ல ஒன்றுமில்லை.

விடுதிகள் எளிமையானவை, சுடுநீரும் மின்சார மெத்தைவிரிப்பும் இருந்தன. சைவ உணவினர் கவனிக்க வேண்டும்: காய்கறி என்று வரும் தட்டிலும் கொத்திய பன்றியிறைச்சி இருக்கக்கூடும், ஆகவே ஒவ்வொரு கடையிலும் 'வோ ச்சி சூ' (நான் சைவம்) என்று சொல்லிவிடுவது நல்லது. நாக்கை மரத்துப்போகச் செய்யும் சிச்சுவான் மிளகை முதல் நாள் சபித்த நான், பத்தாம் நாள் அரைக் கிலோ வாங்கிவந்தேன்.

திரும்பிய மறுவாரம் நிறுவனம் அனுப்பிய பறவைப் பட்டியலில், வழிகாட்டி மட்டும் குரலைக் கேட்ட ஏழு இனங்களும் எங்கள் கணக்கில் சேர்க்கப்பட்டிருந்தன. அவற்றை அடித்துவிட்டுப் பட்டியலைத் திருப்பி அனுப்பினேன். இரண்டு நாளில் திருத்திய பட்டியலும், ரிலோங் குறித்த என் புகாருக்கு ஒரு வரி வருத்தமும் வந்து சேர்ந்தன.