பழைய ரவுட்டர ஆக்கர்ல (எடைக்கு எடுக்குற பழைய சாமான் கடையில) போடவா, ரீசெட் பண்ணவா, சுத்தியல எடுக்கவா?

வீட்டுல ரெண்டு பழைய ரவுட்டர் கெடக்கு. ஒண்ணு ஐப்பசி இடியில போனது. வேளிமலை பக்கம் கறுத்தாலே பிளக்க உருவணும்னு தக்கலையில சின்னப்புள்ளைக்கும் தெரியும், அன்னிக்கு மறந்தாச்சு, படார்னு ஒரு சத்தம், அவ்ளோதான். இன்னொண்ணு நல்லாவே ஓடுது, ஃபைபர் எடுத்தப்ப ஓரமா வச்சது. சித்தப்பா ஒரே வார்த்தையில முடிச்சிட்டாரு: "லேய் மக்கா, அந்த சவத்த ஆக்கர்ல போட்டுட்டு வேற சோலியப் பாரு."

போடலாம், ஆனா உள்ள என்ன இருக்குன்னு ஒரு நிமிஷம் யோசிங்க. கரண்ட் போயி வந்தாலும் ரவுட்டர் அதே வைஃபை பேரோட தானா எழும்புதுல்லா, ஏன்னா எல்லாம் உள்ள ஒரு சின்ன ஃப்ளாஷ் சிப்புல எழுதி வச்சிருக்கு. வைஃபை பாஸ்வேர்டு, நெட் கனெக்‌ஷனோட யூசர்நேம் பாஸ்வேர்டு, சிசிடிவி கேமராவ வெளிய இருந்து பாக்க ஏதாவது செட் பண்ணிருந்தா அதுவும்.

அப்படியே ஆக்கர்ல போடுறது இருக்கதுலயே சோம்பேறி வழி, மோசமான வழியும் அதான். ஆக்கர்காரரு திருடர்னு சொல்லல, அவருக்கு அது எடைக்கு பிளாஸ்டிக். ஆனா ஓடுற பொட்டின்னா யாராவது எடுத்து செகண்ட் ஹேண்டா வித்துருவாவ, வாங்குனவன் பிளக்க மாட்டி யூசர்நேம், பாஸ்வேர்டு ரெண்டுக்கும் அட்மின்னு அடிச்சு உள்ள போனா வைஃபை பேஜ்ல உங்க பாஸ்வேர்டு அப்படியே தெரியும். பெரிய கம்பெனிக்காரங்களே இதுல கோட்ட விடுதாவ. 2023ல ஈசெட்னு ஒரு செக்யூரிட்டி கம்பெனி, கம்பெனிகள் கழிச்சுப் போட்ட பழைய ரவுட்டர்கள செகண்ட் ஹேண்ட்ல வாங்கி 16ஐ சோதிச்சதுல 9ல பழைய ஓனரோட விவரம் அழிக்காமலே இருந்துது.

அடுத்தது ரீசெட். ஓடுற ரவுட்டருக்கு என் ஓட்டு இதுக்குத்தான், காசு இல்ல, அஞ்சு நிமிஷ வேல. ஆனா நெறைய பேரு தப்பா பண்ணுதாவ. சில மாடல்ல டபிள்யூபிஎஸ்ஸும் (பாஸ்வேர்டு அடிக்காம வைஃபைய இணைக்குற வசதி) ரீசெட்டும் ஒரே பட்டன், லேசா தட்டுனா டபிள்யூபிஎஸ் தான் ஓடும், ஒண்ணும் அழியாது. சின்ன ஓட்டையா இருந்தா சிம் எடுக்குற பின்ன விட்டு, ரவுட்டர் ஆன்ல இருக்கும்போதே 10, 15 செகண்ட் அமுக்கிப் பிடிக்கணும், லைட் எல்லாம் ஒருதடவ அணைஞ்சு வரும். அப்புறம் போன்ல வைஃபை லிஸ்ட்ட பாருங்க, உங்க வீட்டுப் பேரு போயி அடியில ஸ்டிக்கர்ல இருக்குற கம்பெனி பேரு வந்தாத்தான் அழிஞ்சுதுன்னு அர்த்தம். ஃபைபர் பொட்டின்னா முதல்ல ஃபைபர் ஒயர மட்டும் உருவிட்டுப் பண்ணுங்க, இல்லன்னா ரீசெட் ஆன கையோட கம்பெனி சர்வர்லேர்ந்து செட்டிங்ஸ் திரும்ப வந்து உக்காந்துரலாம். புது லைன் ஓட ஆரம்பிச்ச பெறகு பண்றது நல்லது. போன் ஆப்ல அக்கவுண்ட் போட்டு இணைச்சிருந்தா அங்கயும் அந்த ரவுட்டர நீக்கிருங்க.

ஆனா இடி வெட்டுனதுக்கு ரீசெட் எங்க பண்ண? லைட்டே எரியல. செத்துப்போச்சுல்ல, பயம் இல்லன்னு நானும் நெனச்சேன். பவர் பகுதி கருகினாலும் சிப்பு பெரும்பாலும் நல்லாதான் இருக்கும், தெரிஞ்சவன் சிப்பு கால்ல ஒரு கிளிப்ப மாட்டி கம்ப்யூட்டர்ல படிச்சுருவான். இங்கதான் சுத்தியல். காந்தம் வச்சு தேய்க்கச் சொல்லுதாவ சில பேரு, அது பழைய ஹார்ட் டிஸ்க் கத, ஃப்ளாஷ் சிப்புக்கு ஒண்ணும் ஆகாது. மூடியத் தொறந்தா பெரிய சிப்புக்குப் பக்கத்துல சின்னதா, பெரும்பாலும் எட்டு கால் வச்சு ஒரு கறுப்புத் துண்டு இருக்கும், அதக் குறடால பிடிச்சு நொறுக்குனா போதும், போர்டு முழுக்க அடிச்சு தூளாக்க வேண்டாம். எது எதுன்னு தெரியலன்னா கறுப்பா இருக்குற எல்லாத்தயும் நொறுக்கிருங்க. கண்ணுல தெறிக்காம ஒரு சாக்க மேல போட்டுக்கிடுங்க. பேட்டரி உள்ள பாக்கெட் வைஃபைய மட்டும் அடிக்கவே கூடாது, தீப்பிடிக்கும். ஓடுற ரவுட்டர உடைக்கிறது எனக்கு வேஸ்ட்டாத்தான் தோணுது.

நெட் கம்பெனிக்காரன் குடுத்த பொட்டின்னா உடைக்க உரிமையே இல்ல, திருப்பிக் குடுக்கணும். அவங்க அழிச்சிருவாங்கன்னு நம்பாதீங்க. எனக்கு ஒருதடவ வந்த பொட்டியில முன்னாடி இருந்த வீட்டுக்காரரோட வைஃபை பேரு அப்படியே இருந்துது, எந்தக் கம்பெனின்னு சொல்லல.

ஓடுற ரவுட்டர மார்த்தாண்டத்துல அத்தை கேட்டாவ, குடுக்கலாம்தான், ஆனா பாதுகாப்பு ஓட்டைய அடைக்குற அப்டேட் நின்னு போன பழைய மாடல குடுத்தா தலவலியத்தான் குடுக்கோம்.

இதுக்கெல்லாம் முன்னாடி ஒண்ணு இருக்கு. புது ரவுட்டர்ல அதே பழைய பேரும் பாஸ்வேர்டும் போட்டுத்தான எல்லாரும் வைக்கோம், டிவி, கேமரா எல்லாம் தானா கனெக்ட் ஆகட்டும்னு? அப்போ ஆக்கர்ல கெடக்குறது பழைய சாவி இல்ல, இப்ப வாசல்ல தொங்குற பூட்டோட சாவி. பாஸ்வேர்ட மாத்திட்டா எவன் சிப்ப படிச்சாலும் அது வெறும் பழைய பேப்பர். கனெக்‌ஷன் பாஸ்வேர்டயும் கம்பெனிக்குப் போன் போட்டு மாத்தச் சொல்லுங்க.

நான் மாத்தியாச்சு. இடி வெட்டுனதுல சிப்ப நொறுக்கி, மத்தத ரீசெட் பண்ணி ரெண்டயும் ஒரு பையில போட்டு வச்சிருக்கேன். 2023 ஏப்ரல்லேர்ந்து உள்ள மின்கழிவு விதிப்படி பதிவு வாங்குன ரீசைக்கிளருக்குத்தான் போகணும். டிவி ரிமோட்ல புது பாஸ்வேர்ட ஒவ்வொரு எழுத்தா அமுக்கி முடிக்க அரை மணி நேரம் ஆச்சு. சித்தப்பா போன்ல இன்னும் மாத்தல, "நெட்டு எடுக்கலயே மக்கா"ன்னு காலையிலேர்ந்து நாலு தடவ கேட்டாச்சு.