பைஅப்கிரேட்: பழைய பைத்தான் லைப்ரரியைத் தூசி தட்ட ஒரு கருவி

பத்து வருடமாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பைத்தான் லைப்ரரி ஓடத் தேவையான குறைந்தபட்சப் பைத்தான் பதிப்பை 2.7-லிருந்தோ 3.6-லிருந்தோ 3.10-க்கு உயர்த்தும்போது பலரும் முதலில் எடுப்பது பைஅப்கிரேட்டைத்தான். இலவசம், எம்ஐடி உரிமம். எந்தப் பதிப்புக்குக் கீழே இனி ஆதரவு வேண்டாம் என்று சொன்னால் போதும், லைப்ரரியின் கோட் வரிகளை அதற்கேற்ப மாற்றி எழுதிவிடும். அந்த வேலையில் குறை சொல்ல அதிகம் இல்லை. ஆனால் பதிப்பை உயர்த்துவதில் ஆபத்தான பகுதி கோட்டில் இல்லை, பேக்கேஜ் விவரங்களில் இருக்கிறது. அந்தப் பக்கம் இந்தக் கருவி எட்டிக்கூடப் பார்க்காது.

ஓட்டுவது எளிது, ஒரே ஒரு எரிச்சல்: கோப்புறையைக் கொடுத்தால் உள்ளே போய்த் தேடாது. ஒவ்வொரு கோப்பின் பெயரையும் கேட்கும். கோப்புப் பெயர்களைப் பட்டியலிடும் கிட் எல்எஸ்-ஃபைல்ஸ் கட்டளையின் வெளியீட்டை எக்ஸ்ஆர்க்ஸ் வழியாக அனுப்பி, பை310-பிளஸ் (3.10-உம் அதற்கு மேலும் மட்டும்) தேர்வைச் சேர்த்தால் முடிந்தது. எதையாவது மாற்றியிருந்தால் எக்ஸிட் கோட் (கட்டளை முடியும்போது திருப்பித் தரும் எண்) 1 வரும். எக்ஸ்ஆர்க்ஸ் அதை 123 என்று காட்டும், பயப்பட வேண்டாம். ஒரு தடவை ஓட்டி நிறுத்திவிடாதீர்கள். % வைத்து எழுதிய வரி முதல் சுற்றில் ஃபார்மட் அழைப்பாகும், அடுத்த சுற்றில்தான் எஃப்-ஸ்ட்ரிங் ஆகும். 0 வரும்வரை ஓட்டுங்கள்.

அந்த 0-விலும் ஒரு பொறி உண்டு. பைத்தான் 2 பாணியில் அடைப்புக்குறி இல்லாத பிரின்ட் வரி ஒன்று ஒரு கோப்பில் மிச்சமிருந்தால், பைஅப்கிரேட்டால் அந்தக் கோப்பையே படிக்க முடியாது. பிழை என்றும் சொல்லாது. சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும், எக்ஸிட் கோடும் 0-வாகவே இருக்கும். டெஸ்ட் தொடாத எடுத்துக்காட்டுக் கோப்புகளிலும் பழைய ஸ்கிரிப்ட்களிலும் இது அடிக்கடி ஒளிந்திருக்கும். அதனால் முதலில் பைத்தான் 3-இல் கம்பைல்ஆல் மாட்யூலை மொத்தக் கோட்மீதும் ஓட்டி, சின்டாக்ஸ் பிழைகளைக் கையால் சரிசெய்துவிட்டுத்தான் இதைத் தொட வேண்டும். பைத்தான் 2 கோட்டை 3-க்கு மாற்றும் 2டு3 கருவியை நம்பியிருப்பவர்கள் கவனிக்க: பைத்தான் 3.13-இல் அது நீக்கப்பட்டுவிட்டது, பழைய பைத்தானில்தான் ஓட்ட வேண்டும்.

மாற்றங்களின் தரத்துக்கு வருவோம். ஒரே கோட் பைத்தான் 2-இலும் 3-இலும் ஓட உதவிய சிக்ஸ் லைப்ரரியை அகற்றுவதில் இது கெட்டிக்காரன். டெக்ஸ்ட்_டைப் என்பது எஸ்டிஆர் ஆகும், இட்டர்ஐட்டம்ஸ் சாதாரண ஐட்டம்ஸ் ஆகும், வித்_மெட்டாகிளாஸ் சரியான மெட்டாகிளாஸ் எழுத்துமுறைக்கு மாறும், சிக்ஸ்.மூவ்ஸ் இம்போர்ட்கள் உரிய இடத்துக்குப் போகும். சூப்பர் அழைப்பின் அடைப்புக்குறிக்குள் இருக்கும் பழைய கிளாஸ் பெயர், கோப்பின் தலையில் யூடிஎஃப்-8 என்று அறிவிக்கும் வரி, கிளாஸ் பெயருக்குப் பக்கத்தில் தேவையில்லாமல் நிற்கும் ஆப்ஜெக்ட் எல்லாம் ஒரே மூச்சில் போய்விடும்.

இதில் எனக்குப் பிடித்தது அதன் தயக்கம். %s-க்கு வலது பக்கம் டூப்பிள் நேரடியாக எழுதப்பட்டிருந்தால் மாற்றும். வெறும் மாறி இருந்தால் தொடாது, ஏனென்றால் அந்த மாறிக்குள்ளேயே டூப்பிள் இருக்கக்கூடும். %d-யையும் தொடாது. 1.5 என்ற எண்ணை %d-யிடம் கொடுத்தால் 1 என்று வெட்டி எழுதும், ஃபார்மட்டின் டி குறியீடோ பிழை எறியும். 'இதைக்கூட மாற்றவில்லையே' என்று நொந்துகொள்ளும் இடங்களில் பெரும்பாலும் நியாயம் கருவியின் பக்கம்தான் இருக்கும்.

டைப்பிங்கில் (அனொடேஷன் எனப்படும் வகைக் குறிப்புகளில்) மட்டும் அந்த எச்சரிக்கை போதவில்லை. கோப்பின் தலையில் ஃபியூச்சரிலிருந்து அனொடேஷன்ஸ் இம்போர்ட் இருந்தால், குறைந்தபட்சம் 3.9 என்று சொல்லியிருந்தாலும்கூட ஆப்ஷனல் எல்லாவற்றையும் | நன் வடிவத்துக்கு மாற்றிவிடும். குறிப்பு வெறும் குறிப்பாகவே இருக்கும்வரை தவறில்லை. பைடான்டிக் போல ஓடும்போதே அனொடேஷனைப் படிக்கும் லைப்ரரி நடுவில் இருந்தால், 3.12 வைத்திருக்கும் உங்கள் கணினியில் எல்லாம் பச்சையாக இருக்கும், 3.9 பயனரிடம் | குறியில் டைப்எரர் வெடிக்கும். இதைத் தடுக்க கீப்-ரன்டைம்-டைப்பிங் தேர்வு இருக்கிறது. சந்தேகம் வந்தாலே போட்டுவிடுங்கள். டெஸ்ட்டையும் நீங்கள் அறிவிக்கப்போகும் மிகக் கீழான பதிப்பில் ஓட்டுங்கள்.

கையால் செய்ய மிச்சமிருப்பது நிறைய. பயன்படாத இம்போர்ட்களை இது நீக்காது, அதற்கு ஆட்டோஃபிளேக் தனியாக வேண்டும். எல்ஸ் இல்லாமல் எழுதிய பழைய பதிப்புக்கான இஃப் கிளை அப்படியே நிற்கும். டிரை, இம்போர்ட்எரர் என்று எழுதிய இரட்டை இம்போர்ட்களும் அப்படித்தான். பெரிய தலைவலி, சிக்ஸை நேரடியாக அழைக்காமல் லைப்ரரிக்குள்ளேயே காம்பாட் என்று ஒரு கோப்பு வைத்திருப்பது. பத்து வருடக் கோட்டில் அநேகமாக இப்படி ஒன்று இருக்கும். அதன் வழியாக வரும் பெயர்களை பைஅப்கிரேட் அடையாளம் காணாது. அந்தக் கோப்பை அவசரப்பட்டு அழித்துவிடவும் கூடாது. வெளியே யாராவது அதிலிருந்து இம்போர்ட் செய்துகொண்டிருப்பார்கள், ஒரு ரிலீஸாவது எச்சரிக்கையோடு விட்டுவைப்பது நல்லது.

கோட்டைச் சரிபார்த்துத் திருத்தும் இன்னொரு கருவியான ரஃப்போடு ஒப்பிடாமல் இருக்க முடியாது. ரஃப்பின் யூபி விதிகள் இதே வேலையின் பெரும்பகுதியை மிக வேகமாகச் செய்கின்றன. கோப்புறையைக் கொடுத்தால் போதும், எந்தப் பைத்தான் பதிப்புகளில் நிறுவலாம் என்று பேக்கேஜ் விவரத்தில் சொல்லும் ரிக்வயர்ஸ்-பைத்தான் வரியைப் படித்து இலக்குப் பதிப்பைத் தானே தெரிந்துகொள்ளும், பயன்படாத இம்போர்ட்களையும் கையோடு நீக்கும். 3.7-லிருந்து மேலே வரும் கோட்டுக்கு ரஃப் போதும். ஆனால் சிக்ஸ் மாற்றங்கள் அதில் இல்லை. 2.7 வாசனை இருக்கும் லைப்ரரிக்கு முதல் சுற்று பைஅப்கிரேட்டில், தினசரிக் காவல் ரஃப்பில் என்று பிரித்துக்கொள்வதுதான் சரி.

இப்போது கருவி பார்க்காத பக்கம். கோட் மாறிவிட்டது, ரிக்வயர்ஸ்-பைத்தான் இன்னும் பழைய எண்ணில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். பழைய பைத்தான் பயனரின் பிப் (பேக்கேஜ்களை நிறுவும் கருவி) புதிய ரிலீஸை இழுத்து வந்து சின்டாக்ஸ்எரரில் முட்டும். அடுத்த ரிலீஸில் எண்ணைத் திருத்தினால் போதாது. பிப் ஒத்துவராத புதியதைத் தாண்டி, தவறான அந்த ரிலீஸிலேயே போய் மறுபடி நிற்கும். பைபிஐ-யில் (பிப் பேக்கேஜ்களை எடுக்கும் பொதுக் களஞ்சியம்) அதை யாங்க் செய்தால்தான், அதாவது அழிக்காமல் திரும்பப் பெற்றதாகக் குறித்தால்தான், பதிப்பை == போட்டுப் பூட்டாதவர்களுக்கு அது கண்ணில் படாது. எண்ணைச் சரியாக எழுதிவிட்டால், 2016-இல் வந்த பிப் 9.0 முதல் எல்லாப் பிப்பும் பழைய பயனருக்கு ஒத்துவரும் கடைசி ரிலீஸையே தேர்ந்தெடுக்கும். எனவே கையில் தேங்கியிருக்கும் பிழைத் திருத்தங்களை முதலில் பழைய எண்ணோடு ரிலீஸ் செய்துவிட்டு, அதன் பிறகு உயர்த்துங்கள். மேல்வரம்பு போடும் ஆசை வேண்டாம், >=3.10 என்பதோடு நிறுத்துங்கள்.

அதே கமிட்டில் கிளாசிஃபையர்கள் (ஆதரிக்கும் பதிப்புகளை பைபிஐ-யில் காட்டும் குறிச்சொற்கள்), பல பதிப்புகளில் டெஸ்ட் ஓட்டும் டாக்ஸ் கருவியின் பட்டியல், சிஐ (தானியங்கிச் சோதனை) பதிப்புகள், வகைகளைச் சரிபார்க்கும் மைபையின் இலக்கு ஆகியவற்றையும் மாற்றி, சார்புப் பட்டியலிலிருந்து சிக்ஸைத் தூக்கிவிடுங்கள். செட்டப்.சிஎஃப்ஜி-யில் யுனிவர்சல் = 1 என்ற வரி இருந்தால் அதையும் அழிக்க வேண்டும், இல்லாவிட்டால் வீல் (நிறுவத் தயாரான பேக்கேஜ்) கோப்பின் பெயரில் பை2 ஒட்டிக்கொண்டே போகும். பைஅப்கிரேட் செய்த மாற்றங்கள் மட்டும் தனிக் கமிட்டாக இருக்கட்டும். அதன் ஹாஷை ஒரு கோப்பில் எழுதி, கிட் பிளேமுக்கு இக்னோர்-ரெவ்ஸ்-ஃபைல் தேர்வாகக் கொடுத்தால் (கிட் 2.23 முதல் உண்டு) ஒவ்வொரு வரியையும் உண்மையில் எழுதியவரின் பெயர் மறையாது.