நடுவில் நிற்கும் ஒரு 'ஏ'

போன வருடம் மகன் பள்ளியை முடித்தபோது, எங்கள் சாப்பாட்டு மேஜையில் இரண்டு தாள்கள் ஒரு மாதம் கிடந்தன. சாம்பார்க் கறைகூடப் பட்டது. இரண்டுமே அமெரிக்காவில் நாங்கள் இருக்கும் வட வர்ஜீனியா சமுதாயக் கல்லூரியின் பாடத்திட்டங்கள்; இங்கே எல்லோர் வாயிலும் அது 'நோவா'. இரண்டும் இரண்டு வருடப் பட்டம். ஒன்றின் தலைப்பு ஏ.எஸ். (அசோசியேட் ஆஃப் சயின்ஸ்), மற்றொன்று ஏ.ஏ.எஸ். (அசோசியேட் ஆஃப் அப்ளைடு சயின்ஸ்).

எந்த வளாகம் என்பதில் நாங்கள் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. அன்னண்டேல், மனாசஸ், உட்பிரிட்ஜ் என்று கிளைகள் பல இருந்தாலும் கல்லூரி ஒன்றுதான். நர்சிங் என்றால் ஸ்பிரிங்ஃபீல்டு, கால்நடைத் தொழில்நுட்பம் என்றால் லவுடன் என்று சில படிப்புகள் மட்டும் இடத்தோடு ஒட்டியவை. எங்களுக்குப் பக்கம், ஸ்டெர்லிங்கில் உள்ள லவுடன் வளாகம். கட்டணமும் பேச்சில்லை: நான்கு வருடப் பட்டம் தரும் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் நேரடியாகச் சேர்ந்தால் ஆவதில் பாதிகூட ஆகாது.

ஏ.ஏ.எஸ். தாள் தரவு மையங்களை, அதாவது இணையத்துக்கான கணினிகளை அடுக்கி வைத்திருக்கும் கட்டடங்களை, இயக்கும் படிப்பு. மின்சாரம், குளிரூட்டல், கேபிள் என்று கையில் எண்ணெய் படும் பாடங்கள். ஆஷ்பர்ன் பக்கம் போனால் ஜன்னலே இல்லாத கட்டடங்கள் வரிசைகட்டி நிற்கும்; அவற்றுக்கு ஆள் வேண்டும் என்பதற்காகவே வகுத்த படிப்பு. உள்ளூர்த் தொழிலோடு கைகோப்பது நோவாவின் பலம்தான். 2018இல் அமேசான் வெப் சர்வீசஸுடன் சேர்ந்து கிளவுட் கம்ப்யூட்டிங் பிரிவையும் தொடங்கினார்கள். வருமான வரம்புக்குள் வரும் குடும்பங்களுக்கு இத்தகைய வேலைவாய்ப்புப் படிப்புகளில் கட்டணத்துக்குக் கைகொடுக்கும் 'ஜி3' திட்டம் 2021 முதல் மாநிலத்தில் இருக்கிறது.

இவ்வளவு இருந்தும் நாங்கள் ஏ.எஸ். பக்கம் சாய்ந்தோம். காரணம் ஒன்றே ஒன்று: கிரெடிட், அதாவது முடித்த பாடத்துக்குக் கிடைக்கும் புள்ளி, வேறு எங்கே செல்லுபடியாகும் என்பது.

நம்மவர்கள் தடுக்கி விழும் இடம் இது. மதுரையிலிருந்து அம்மா போனில், "ரெண்டு வருடமா? அப்படியானால் நம்ம ஊர் பாலிடெக்னிக் மாதிரியா?" என்று கேட்டார். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஊரில் டிப்ளமோ முடித்தவர் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாக நுழையலாம். அந்த நினைப்பிலேயே ஏ.ஏ.எஸ். தாளையும் படித்தேன். ஆனால் அது வேலைக்கென்று வகுத்த பட்டம். அதன் தொழிற்பாடங்களில் பல, பல்கலைக்கழகப் பொறியியல் பட்டத்தின் கணக்கில் ஏறுவதில்லை. பின்னால் மனம் மாறினால், கால்குலஸிலிருந்து திரும்பத் தொடங்க வேண்டும். சைபர் பாதுகாப்பு போன்ற சில ஏ.ஏ.எஸ். பட்டங்களுக்கு மேசனில் தொடரத் தனி வழி வைத்திருக்கிறார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஏ.எஸ். தாளிலோ ஒவ்வொரு பாடமும் மேற்படிப்பை மனத்தில் வைத்தே அடுக்கியிருக்கிறது. நோவாவும் மேசனும் 2018இல் தொடங்கிய 'அட்வான்ஸ்' திட்டத்தில் சேர்ந்தால், முதல் நாளிலேயே நான்கு வருடத்துக்கும் எந்தப் பாடம் எங்கே என்ற பட்டியல் கையில் வந்துவிடும். ஒரு ராத்திரி நானும் மகனும் பென்சிலோடு உட்கார்ந்து, நோவாவின் எம்.டி.எச். 263 என்ற கால்குலஸ் பாடத்துக்கு மேசனில் எது ஈடு என்று ஒவ்வொன்றாகக் கோடு போட்டு இணைத்தோம். ஏ.எஸ். தாளில் கோடு போடாத பாடம் ஒன்றிரண்டுதான். ஏ.ஏ.எஸ். தாளில் கோடு விழுந்தவை ஆங்கிலமும் இன்னும் சில பொதுப்பாடங்களும். அத்தோடு வாக்குவாதம் முடிந்தது. சி-க்குக் கீழே மதிப்பெண் வந்தால் அந்தக் கிரெடிட்டும் போய்விடும் என்பதை மட்டும் பையனுக்கு இரண்டு முறை சொன்னேன். மூன்றாம் முறை அவன் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டான்.

எங்களுடையது ஒரு வருட அனுபவம். மேசனுக்கு மாறும் கட்டம் இன்னும் வரவில்லை. காகிதத்தில் உள்ளபடியே நடக்குமா என்பது அப்போதுதான் தெரியும். படிப்பை நீட்ட விருப்பமில்லாத, கைவேலையில் ருசி கண்ட பிள்ளைக்கு நான் ஏ.எஸ். வாங்கச் சொல்ல மாட்டேன். பக்கத்து வீட்டுப் பையன் அப்படித்தான் அந்த ஏ.ஏ.எஸ். முடித்துத் தரவு மையத்தில் இருக்கிறான். அவன் இரவு ஷிப்டு முடிந்து காரை நிறுத்தும் நேரத்தில் என் மகன் காலை வகுப்புக்குக் கிளம்புகிறான். இன்றைய தேதிக்கு, சம்பளம் வாங்குபவன் அவன்தான்.