பட்டறை கிட்டாரா, கம்பெனி கிட்டாரா?

நல்ல அக்கூஸ்டிக் கிட்டார் ஒன்று வாங்கப் பணம் சேர்த்துவிட்டீர்கள். பெயர்பெற்ற கம்பெனியின் உயர்ரகக் கிட்டாரை வாசித்துப் பார்த்து அன்றைக்கே வீட்டுக்குக் கொண்டுவரலாம். இல்லையென்றால், தன் பட்டறையில் வருடத்துக்குப் பத்துப் பன்னிரண்டு மட்டும் செய்யும் ஒரு லூதியரிடம், அதாவது கிட்டார் செய்யும் கைவினைஞரிடம், ஆர்டர் கொடுத்துவிட்டுக் காத்திருக்கலாம். "கையால் செய்தது" என்ற ஒரு வார்த்தையை நம்பி முடிவெடுக்க வேண்டாம். கம்பெனிகளிலும் கைவேலை நிறைய உண்டு. தனி லூதியர்களிலும் பலர் கழுத்தைச் செதுக்க கணினி இயந்திரம் வைத்திருக்கிறார்கள். உண்மையான வித்தியாசம் கம்பிகளுக்கு அடியில் அதிர்ந்து ஒலி தரும் மேல்பலகையில் இருக்கிறது.

அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஸ்டீல் கம்பிகள் ஆறையும் சுருதி சேர்த்தால் மொத்த இழுவிசை சுமார் 70 கிலோ. அதைத் தாங்குவது ஏறக்குறைய 3 மி.மீ. கனமுள்ள ஸ்ப்ரூஸ் மரப் பலகையும், அதற்குத் தாங்கலாக அடியில் ஒட்டிய பிரேஸ் கட்டைகளும்தான். பலகை மெலிய மெலிய நன்றாக அதிரும். ரொம்பவும் மெலிந்துவிட்டால் சில வருடங்களில், கம்பிகளைப் பலகையோடு பிடித்திருக்கும் பிரிட்ஜுக்குப் பின்னால் புடைத்துக்கொண்டு நிற்கும். பலகையின் விறைப்பு அதன் கனத்தின் மூன்றாம் அடுக்குக்கு ஏற்ப மாறுவதால், 3 மி.மீ. பலகையை 2.7 ஆக இழைத்தாலே விறைப்பில் கால் பங்குக்கு மேல் போய்விடும். அந்தச் சின்ன இடைவெளிக்குள்தான் முழு விளையாட்டும்.

இதில் மரமும் ஒரே மாதிரி இருப்பதில்லை. ஒரே வகை ஸ்ப்ரூஸில்கூட ஒரு பலகை விறைப்பாக இருக்கும், இன்னொன்று தளர்வாக இருக்கும். ஆயிரக்கணக்கில் செய்யும் கம்பெனி எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய ஒரே அளவைத்தான் வைக்க முடியும். தளர்வான பலகையும் வாரன்டி காலத்தில் புடைக்காமல் நிற்க வேண்டுமே! அதனால் அந்த அளவு எப்போதும் கனத்தின் பக்கம் சாய்ந்திருக்கும். விறைப்பான பலகைகள் தேவைக்கு மேல் தடிமனாகவே நின்றுவிடும். எல்லாத் தட்பவெப்பத்துக்கும் விற்பவர்களிடம் இதைக் குறையாகச் சொல்ல முடியாது. ஒரே மாடலில் இரண்டை எடுத்து வாசித்தால் ஒன்று பாடுவதும் மற்றொன்று வாயை மூடிக்கொண்டிருப்பதும் பெரும்பாலும் இதனால்தான்.

லூதியர் அந்தந்தப் பலகையைக் கேட்டு இழைக்கிறார். ஒருமுறை பட்டறையில் பக்கத்தில் நின்று பார்த்தேன். பலகையின் மேல் ஓரத்தை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, காதருகே கொண்டுபோய், விரல் முட்டியால் தட்டினார். "டப்" என்றது. பிரேஸில் நாலைந்து சுருள் சீவினார். திரும்பத் தட்டினார். மறுபடி சீவல், மறுபடி தட்டல். ஒரு மணி நேரம் கழித்து அதே பலகை "டங்ங்..." என்று இழுத்து ஒலித்தது. அதற்கு மேல் ஒரு சுருள்கூட எடுக்காமல் உளியைக் கீழே வைத்துவிட்டார். நாம் கொடுக்கும் கூடுதல் பணம் அந்த ஒரு மணி நேரத்துக்குத்தான் என்று நினைக்கிறேன்.

பின்பலகை, பக்கப்பலகை மரத்துக்காகச் சிலர் பெரிய தொகை கொடுக்கிறார்கள். ஸ்பெயின் நாட்டு லூதியர் அன்டோனியோ டி டோரஸ் 1862-இல் பின்புறத்தையும் பக்கங்களையும் காகிதக் கூழ் அட்டையில் செய்து, மேலே மட்டும் நல்ல மரம் வைத்து ஒரு கிட்டார் செய்தார். ஒலிக்கு முக்கியம் மேல்பலகைதான் என்று காட்டத்தான் அது. பிரேசில் ரோஸ்வுட் மீது ஆசை இருந்தால் ஒன்றை மனதில் வையுங்கள்: 1992 முதல் அது, அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் மிகக் கண்டிப்பான பட்டியலில் இருக்கிறது. அந்தக் கிட்டாரோடு எல்லை தாண்ட அனுமதிப் பத்திரம் வேண்டும். இந்திய ரோஸ்வுட், அதாவது நம் ஈட்டி மரம், எனக்குப் போதும்.

சரி, கம்பெனி ஜெயிக்கும் இடங்கள். கழுத்தில் குறுக்கே பதிக்கும் உலோகப் பட்டைகளான ஃபிரெட் வேலையில், கணினி வைத்துச் சமன் செய்யும் கம்பெனிகளை மிஞ்சுவது கடினம். திரும்ப விற்கும்போது தெரிந்த பெயருக்குத்தான் ஆள் சீக்கிரம் கிடைக்கும். எல்லாவற்றையும்விட, வாங்குவதற்கு முன்பே வாசித்துப் பார்க்கலாம். பட்டறை ஆர்டரில் இன்னும் பிறக்காத ஒலிக்கு முன்பணம் கொடுக்கிறோம். அதனால் அதே லூதியர் செய்த இரண்டு கிட்டாரையாவது வாசிக்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

பழுது பார்ப்பதில் இரண்டு பக்கமும் சமம் என்பேன். எந்த ஸ்டீல் கம்பிக் கிட்டாருக்கும் சில பத்தாண்டுகளில் கழுத்தைக் கழற்றிக் கோணம் திருத்த வேண்டி வரலாம். போல்ட் போட்ட கழுத்து என்றால் சுலபம். புறாவின் வால் வடிவில் மரத்தைக் கோத்து ஒட்டிய (டவ்டெயில்) இணைப்பு என்றால் நீராவி விட்டுப் பிரிக்க வேண்டும். கழுத்தை எப்படி இணைத்திருக்கிறார்கள் என்று முதலிலேயே கேட்டு வையுங்கள், நாளைக்கு வேறொருவரும் பிரிக்கும்படி இருக்க வேண்டும். ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம் வரை இருப்பது இரண்டுக்குமே நல்லது. ஆனால் மெலிதாக இழைத்த பட்டறைக் கிட்டார் அலட்சியத்தைப் பொறுக்காது.

இசைக்குழுவோடு மேடையில் பிக்கப் (ஒலியை ஆம்ப்ளிஃபையருக்கு அனுப்பும் கருவி) வழியாக ஸ்ட்ரம்மிங் வாசிப்பவருக்குக் கம்பெனி கிட்டாரைத்தான் சொல்வேன். பலகையின் நுணுக்கம் பாதி வயரிலேயே போய்விடும். முதல் கிட்டார் வாங்குபவருக்கும் அதுதான், ஏனென்றால் என்ன வேண்டும் என்று கேட்க இன்னும் அவருக்கே தெரியாது. தனியாக உட்கார்ந்து விரலால் மீட்டுபவர், நட் (கழுத்தின் மேல்முனையில் கம்பிகள் பதியும் கட்டை) 43 மி.மீ. அகலம் தன் கைக்குக் குறுகல், 45 வேண்டும் என்று சொல்லத் தெரிந்தவர், தயங்காமல் பட்டறைக்குப் போகலாம்.

போகும்போது இப்போது வாசிக்கும் கிட்டாரையும் எடுத்துப் போங்கள். நல்ல லூதியர் முதலில் அதை வாங்கி, எந்த ஃபிரெட்டுகள் தேய்ந்திருக்கின்றன என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பார். அப்புறம் கையில் கொடுத்து வாசிக்கச் சொல்வார். வாசிக்கும்போது உங்கள் வலது கையையே பார்த்துக்கொண்டிருப்பார்.