ஓயாமல் ஓடும் ஃபிளஷ் டேங்க்: வாஷரா, செட்டா, புது டேங்கா?

வெஸ்டர்ன் டாய்லெட்டில் தண்ணீர் நிற்காமல் ஓடினால் மூன்று வழி சொல்வார்கள்: வாஷரை மட்டும் மாற்று, உள்ளே இருக்கும் செட்டை முழுசாக மாற்று, டேங்கையே கழற்றிப் போட்டுப் புதிது வை. வருஷம் முழுக்க ஆள் புழங்கும் வீடு என்றால் வாஷரே போதும். செட்டிநாட்டுப் பக்கம் பல வீடுகள் முன்னோருக்கான படைப்புக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் திறப்பவை. அந்த வீடுகளுக்கு எங்கள் ஓட்டு செட்டுக்குத்தான்.

எதை வாங்குவது என்று யோசிக்குமுன், ஒழுகுவது எங்கே என்று பாருங்கள். டேங்க் மூடியைத் திறந்து, உள்ளே சொட்டு நீலம் நாலைந்து துளி விட்டு, அரை மணி நேரம் ஃபிளஷ் பண்ணாமல் விடுங்கள். கோப்பையில் நீலம் இறங்கியிருக்க, நீர்மட்டம் ஓவர்ஃப்ளோ குழாயின் (டேங்குக்குள் நட்டுக்குத்தாக நிற்கும், மிஞ்சும் நீரைக் கோப்பைக்கு இறக்கும் குழாய்) வாய்க்குக் கீழேயே இருந்தால், கோப்பைக்குப் போகும் வழியை அடைக்கும் அடி வாஷர் பிடிக்கவில்லை. தண்ணீர் அந்த வாயைத் தொட்டு வழிந்தால், டேங்குக்குள் தண்ணீர் விடும் பந்து வால்வான பால் காக் அடைக்கவில்லை. இரண்டும் சேர்ந்தே கெட்டிருப்பதும் உண்டு. அப்போது டேங்குக்குத் தண்ணீர் வரும் குழாயில் உள்ள ஆங்கிள் காக்கை மூடி, மட்டத்தைப் பென்சிலால் குறித்துவிட்டுப் பாருங்கள். கோட்டுக்குக் கீழே இறங்கிக்கொண்டே போனால் அடியிலும் கசிவு இருக்கிறது.

காசே செலவில்லாத ஒரு காரணமும் உண்டு. மேலே அமுக்கும் பட்டனின் தண்டு நீளமாக இருந்தால், மூடியை வைத்ததும் அது வால்வைக் கொஞ்சம் தூக்கியே வைத்திருக்கும். மூடியை எடுத்தால் ஒழுகல் நிற்கிறதா? தண்டை இரண்டு சுற்று உள்ளே திருகிவிடுங்கள், முடிந்தது வேலை.

வாஷர் சில பத்து ரூபாய்க்குக் கிடைக்கும். இரட்டைப் பட்டன் டேங்கில் நடுவில் நிற்கும் வால்வை இடப்பக்கமாகக் கால் சுற்றுத் திருப்பினால் பெரும்பாலும் கையோடு வந்துவிடும். பழைய வாஷரைக் கடைக்கு எடுத்துப் போங்கள். அளவு கம்பெனிக்குக் கம்பெனி மாறும், கண் மதிப்பு உதவாது. வாஷர் உட்காரும் வளையத்தில் வெள்ளையாக உப்புப் படிந்திருந்தால், எலுமிச்சைச் சாற்றிலோ வினிகரிலோ துணியை நனைத்து அரை மணி நேரம் போட்டு வைத்துத் துடையுங்கள். பாத்ரூம் ஆசிட் வேண்டாம், ரப்பரைத் தின்றுவிடும்.

இதில் என்ன குறை? வீடு பூட்டிக் கிடப்பதுதான். டேங்க் வற்றியதும் சாதா ரப்பர் காய்ந்து விறைத்து ஓரம் சுருண்டுகொள்ளும், உப்பு வளையத்திலேயே உலர்ந்து சொரசொரப்பாகும். பால் காக்கின் சின்ன வாஷருக்கும் இதே கதி. ஒன்றை மாற்றினால் அடுத்த திருவிழாவுக்குள் இன்னொன்று கிளம்பும். அதற்குள் வீட்டைப் பூட்டிக்கொண்டு சென்னைக்கோ சிங்கப்பூருக்கோ போயாயிற்று. ஐந்து நிமிஷத்துக்கு ஒரு லிட்டர் என்ற மெல்லிய ஒழுகல்கூட ஒரு நாளில் 288 லிட்டர். ஆயிரம் லிட்டர் சின்டெக்ஸ் மூன்றரை நாளில் காலி. மோட்டாருக்கு ஆட்டோமேட்டிக் போட்டிருந்தால் இன்னும் மோசம், போர் பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும், கரண்ட் பில் வந்தால்தான் விஷயம் தெரியும்.

சில நூறு ரூபாயில் பால் காக், நடுவில் நிற்கும் ஃபிளஷ் வால்வ் இரண்டும் சேர்ந்த செட் வாங்கிவிடலாம். அடி வாஷர் சிலிக்கானா என்று கேட்டு வாங்குங்கள். காய்ந்தாலும் சிலிக்கான் சாதா ரப்பர் மாதிரி விறைக்காது. எத்தனை வருஷம் உழைக்கும் என்பது தண்ணீரைப் பொறுத்தது. காரைக்குடியில் சம்பை ஊற்றுத் தண்ணீர் வரும் வீட்டுக் கணக்கை, உப்புப் போர் தண்ணீர் உள்ள ஊருக்குச் சொல்ல முடியாது.

பால் காக்கில் புது மாதிரியைத் தேடாதீர்கள். சவ்வு வைத்த சில வால்வுகள் ஒழுங்காக அடைக்கக் குறைந்தபட்ச அழுத்தம் வேண்டும். ஓட்டு வீட்டுப் பின்கட்டில் மேல்தொட்டி அவ்வளவு உயரத்தில் இருக்காது. மூன்று மீட்டர் உயர வித்தியாசத்துக்கு 0.3 பார் அழுத்தம்தான் கிடைக்கும். கம்பியில் பந்து தொங்கும் பழைய மாதிரி அந்த அழுத்தத்திலும் அடைக்கும்.

மாட்டும்போது கவனிக்க வேண்டியவை: ஆங்கிள் காக்கை மூடி, ஃபிளஷ் பண்ணி, மிச்சத் தண்ணீரைப் பஞ்சால் ஒற்றி எடுங்கள். பால் காக்கின் ரப்பர் வாஷர் டேங்குக்கு உள்பக்கம் வர வேண்டும், நட்டு வெளிப்பக்கம். கையால் இறுக்கி, ஸ்பானரால் கால் சுற்று, அதற்கு மேல் போனால் பிளாஸ்டிக் மரை வழுக்கும். நீர்மட்டம் ஓவர்ஃப்ளோ வாய்க்கு ஒரு அங்குலம் கீழே நிற்கும்படி பந்தைச் சரிசெய்யுங்கள். கோப்பை மேலேயே உட்காரும் பீங்கான் டேங்க் என்றால், புது வால்வின் மேல்பாகம் பழைய அடிப்பாகத்தில் பூட்டுகிறதா என்று முதலில் பாருங்கள். பூட்டினால் டேங்கை இறக்க வேண்டாம். இல்லையென்றால் டேங்கை இறக்கியாக வேண்டும்: இரண்டு போல்ட்டும் துருப்பிடித்திருக்கலாம், நடுவில் உள்ள ஸ்பாஞ்ச் வாஷரும் புதிதாக வேண்டும். இதற்குப் பிளம்பரைக் கூப்பிடுவதே நல்லது, இறுக்கம் கூடினால் பீங்கான் விரியும்.

எந்த வழியில் போனாலும் ஊருக்குக் கிளம்பும்முன் ஆங்கிள் காக்கை மூடி, டேங்கைக் காலி செய்து வளையத்தைத் துடைத்துவிடுங்கள். தண்ணீரை விட்டுவைத்தால் கொசு முட்டையிடும். திரும்பி வந்ததும் முதல் தடவை கொஞ்சம் ஒழுகத்தான் செய்யும். மூன்று நான்கு முறை ஃபிளஷ் பண்ணிப் பார்த்துவிட்டுக் குறை சொல்லுங்கள். ஆங்கிள் காக்கே திருகு இறுகி அசையவில்லையென்றால் அதையும் செட்டோடு மாற்றிவிடுங்கள். அது மூடவில்லை என்றால் மற்றதெல்லாம் வீண்.

புது டேங்க்? உடல் விரிசல் விட்டிருந்தாலோ, பழைய மாடலுக்குச் செட்டே கிடைக்காவிட்டாலோ மட்டும். சுண்ணாம்புக் காரைச் சுவரில் திருகு பிடிக்காது, ட்ரில் போட்டால் பூச்சு பெயர்ந்து வரும். ஆகவே பழைய துளைகளுக்கே பொருந்தும் டேங்காகத் தேடுங்கள். இரண்டு துளைகளுக்கும் உள்ள இடைவெளியை அளந்து எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள்.