எச்சரிக்கை: முன் கண்ணாடிச் சில்லுக்கு ‘ரெசின் போட்டுத் தருகிறோம்’ என்று சொல்லி நடக்கும் அரைகுறை வேலை

கல் தெறித்து முன் கண்ணாடியில் விழுந்த சின்னச் சில்லு ஒன்றை அடைக்கக் கடைக்குப் போன ஒரு கார்க்காரர், கடைசியில் முழுக் கண்ணாடியையே மாற்ற வேண்டியதாயிற்று. கடையின் பெயர் இங்கே வேண்டாம். நடந்த விதத்தை மட்டும் சொல்கிறோம். இதே அரைகுறை வேலைதான் வேறு பல இடங்களிலும் ‘ரிப்பேர்’ என்று விற்கப்படுகிறது.

முதலில் சேதம் எப்படிப்பட்டது என்று பாருங்கள். நடுவில் ஒரு 3 மி.மீ. குழி. அதிலிருந்து நாலு பக்கமும் கால்கள்போல் ஓடும் மெல்லிய விரிசல்கள். நீளமான கால் ஏறத்தாழ 12 மி.மீ. விளிம்பிலிருந்து ஒரு சாணுக்கு மேல் தள்ளி இருந்தது, ஓட்டுபவரின் நேர்ப் பார்வையிலும் இல்லை. உள்பக்கம் விரலால் தடவினால் கண்ணாடி வழுவழுப்பாகவே இருந்தது. ஒழுங்காக வேலை தெரிந்தவர் கையில் கொடுத்தால் தயங்காமல் எடுத்துச் செய்யக்கூடிய சேதம் இது.

கடையில் என்ன செய்தார்கள்? வெயிலில் நின்ற காரை நிழலுக்குக்கூட நகர்த்தவில்லை. துணியால் ஒரு துடை துடைத்துவிட்டு, குழியின் மேல் ஒரு சொட்டு ரெசின் (புறஊதா, அதாவது யூ.வி. ஒளியில் இறுகும் திரவப் பிசின்) விட்டு, பிளாஸ்டிக் படலம் ஒட்டி, யூ.வி. டார்ச்சைச் சில நொடி காட்டி, பிளேடால் சீவினார்கள். பத்து நிமிடத்துக்குள் வேலை முடிந்தது. “லைஃப்டைம் வாரண்டி சார், இனி அசையாது” என்றார்கள். கொஞ்ச நாளில், வெயிலில் காய்ந்த காரில் ஏ.சி.யை முழு வேகத்தில் வைத்தபோது ஒரு கால் நீண்டு கண்ணாடியின் பாதி வரை ஓடிவிட்டது. திரும்பப் போனால், “ரன் ஆயிடுச்சு சார், மாத்தித்தான் ஆகணும்” என்று பதில். வாரண்டி? ரிப்பேருக்குக் கொடுத்த பணத்தைப் புதுக் கண்ணாடி விலையில் கழித்துக்கொள்வார்களாம். அதுவும் அவர்களிடமே மாற்றினால்தான்.

வாரண்டிச் சீட்டை வாங்கும்போதே படித்துப் பாருங்கள். பெரும்பாலும் ‘ரிப்பேர் தொகைக்கு மட்டும்’ என்றுதான் இருக்கும். கண்ணாடிக்கு யாரும் பொறுப்பேற்பதில்லை.

இந்த வேலை ஏன் தோற்றது என்பது கண்ணாடியின் அமைப்பைத் தெரிந்துகொண்டால் புரியும். முன் கண்ணாடி ஒற்றைத் தகடு கிடையாது. ஒவ்வொன்றும் சுமார் 2 மி.மீ. தடிமனுள்ள இரண்டு கண்ணாடித் தகடுகள்; நடுவில் முக்கால் மி.மீ. அளவுக்கு பி.வி.பி. என்ற ஒட்டும் படலம். கல் பட்டால் பெரும்பாலும் வெளித்தகடுதான் உடைகிறது. உடைந்த இடைவெளிக்குள் காற்று நிற்கிறது, மழை பெய்தால் ஈரமும் போய் உட்காருகிறது. நமக்கு வெள்ளிபோல் மின்னித் தெரிவது அந்தக் காற்றுதான். ரிப்பேர் என்றால் அந்தக் காற்றை வெளியே இழுத்துவிட்டு, ஒவ்வொரு காலின் நுனிவரை ரெசினைச் செலுத்துவது. ரெசினின் ஒளிவிலகல் எண் கண்ணாடியினுடையதை ஒட்டி இருப்பதால் நிரம்பிய இடம் கண்ணுக்கு மறைகிறது. இறுகியதும் பிளவின் இரு பக்கத்தையும் பிடித்துக்கொள்கிறது. மேலே ஒரு சொட்டு விட்டால் குழி மட்டும் அடைபடும். கால்களுக்குள் காற்று அப்படியே இருக்கும். விரிசல் ஓடுவது கால்களின் நுனியிலிருந்துதான்.

இதைவிட மோசமான விஷயம் ஒன்று உண்டு. இறுகிய ரெசின் திரும்பக் கரையாது. வாய் அடைபட்ட சில்லுக்குள் இரண்டாவது கடைக்காரர் எதையும் செலுத்த முடிவதில்லை. சில சமயம் நிரம்பாத காலின் மேல் நுண்ணிய துளை போட்டு முயன்று பார்க்கலாம், ஆனால் உத்தரவாதம் இல்லை. அரைகுறை ரிப்பேரை ‘போனால் பணம்தானே’ என்று விட முடியாததற்குக் காரணம் இது. இருந்த ஒரே வாய்ப்பும் அதோடு போய்விடுகிறது.

ஒழுங்கான வேலை எப்படி நடக்கும் என்று தெரிந்துவைத்துக்கொண்டு பக்கத்தில் நின்று பாருங்கள். முதலில் பூதக்கண்ணாடி வைத்து உள்ளும் புறமும் பார்ப்பார்கள். குழியில் நிற்கும் கண்ணாடித் தூளைக் கூர்மையான ஊசியால் கிளறி எடுப்பார்கள். ஈரம் இருந்தால் மிதமான சூட்டில் உலர்த்தி, கண்ணாடி மறுபடி ஆறும்வரை காத்திருப்பார்கள். லைட்டரைப் பற்றவைத்துச் சில்லின் மேல் காட்டுபவரைக் கண்டால் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடலாம். திடீர்ச் சூட்டில் கால் அங்கேயே ஓடும். வேலை நிழலில்தான் நடக்க வேண்டும். வெயிலில் உள்ள புறஊதாக் கதிர், ரெசின் உள்ளே போகும் முன்பே வாயிலேயே அதை இறுக வைத்துவிடும்.

அடுத்து உறிஞ்சு கப் வைத்த ‘பிரிட்ஜ்’ என்ற தாங்கியைக் கண்ணாடியில் பொருத்தி, அதில் உள்ள, ரெசினைச் செலுத்தும் இன்ஜெக்டரின் ரப்பர் முனையைக் குழியின் நேர் மேலே நிறுத்துவார்கள். இந்த இடத்தில் கை பழக்கம் முக்கியம். முனையை அளவுக்கு மீறி இறுக்கினால் கால்கள் மூடிக்கொள்ளும், ரெசின் போகாது, விரிசல் நீளவும் செய்யும். தளர்வாக விட்டால் ஓரம் வழியாகக் காற்று நுழையும். சில துளி மெல்லிய ரெசின் விட்டு, சில நிமிடம் வாக்யூம் (காற்றை உறிஞ்சி இழுப்பது), பிறகு சில நிமிடம் அழுத்தம், மறுபடி வாக்யூம் என்று மாற்றி மாற்றிச் செய்வார்கள். உள்பக்கம் ஒரு சிறு ஆடி வைத்துப் பார்த்தால் மின்னும் கால்கள் ஒவ்வொன்றாக மறைவது தெரியும். அடம்பிடிக்கும் காலுக்கு உள்ளிருந்து கட்டைவிரலால் லேசாக அழுத்திக் கொடுப்பார்கள். குழியின் வாய் மிக இறுக்கமாக இருந்தால் நுண்ணிய டிரில் முனையால் திறப்பார்கள். அது வெளித்தகட்டோடு நிற்க வேண்டும், படலத்தைத் தொடக் கூடாது. அழுத்தத்தை ஒரேயடியாக ஏற்றினால் படலம் கண்ணாடியிலிருந்து பிரிந்து, சில்லைச் சுற்றி இதழ் இதழாக வெள்ளைத் திட்டு விழும். அதைச் சரிசெய்ய வழியில்லை.

எல்லாக் காலும் நிரம்பிய பிறகே இன்ஜெக்டரைக் கழற்றி, குழிக்கென்று உள்ள தேன்போல் கெட்டியான ரெசினை விட்டு, மேலே பிளாஸ்டிக் படலம் ஒட்டி, யூ.வி. விளக்கைச் சேதம் முழுவதும் படும்படி வெளிப்பக்கத்திலிருந்து சில நிமிடம் வைப்பார்கள். விளக்கை உள்பக்கம் வைப்பவருக்கு வேலை தெரியாது என்று பொருள். நடுவில் உள்ள பி.வி.பி. படலம் புறஊதாக் கதிரைத் தடுத்துவிடும். கடைசியில் பிளேடை நெட்டுக்குத்தாகப் பிடித்துச் சீவி, பாலீஷ். இத்தனைக்கும் அரை மணி நேரமாவது பிடிக்கும்.

பணம் கொடுக்கும் முன் இவ்வளவும் பாருங்கள். வெளியே ஒருவர் கறுப்புத் துணி பிடிக்க, உள்ளிருந்து பல கோணத்தில் சில்லைப் பாருங்கள். எந்தக் காலாவது வெள்ளிபோல் மின்னினால் அங்கே காற்று இருக்கிறது, வேலை முடியவில்லை. நகத்தால் தடவினால் பள்ளம் தட்டக் கூடாது, பிசுபிசுப்பும் கூடாது; பிசுபிசுத்தால் ரெசின் இறுகவில்லை. சுற்றிலும் பால்போல் மங்கல் தெரிந்தால் ஈரத்தோடு சேர்த்து அடைத்திருக்கிறார்கள். நடுவில் ஒரு சின்னப் புள்ளி மட்டும் தெரிவது இயல்பு. ‘இருந்த இடமே தெரியாது’ என்று வாக்குக் கொடுப்பவரை நம்ப வேண்டாம். வேலைக்கு முன்னும் பின்னும், பக்கத்தில் ஸ்கேல் வைத்து, போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

நியாயமாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். திறமையானவர் கையிலும் சில சமயம் வேலையின் நடுவிலேயே கால் ஓடிவிடும். கண்ணாடிக்குள் ஏற்கெனவே இருக்கும் விசை அப்படி. நேர்மையான கடை இதைத் தொடங்கும் முன்பே சொல்லும். சொல்லாமல் ‘நூறு சதவீத கேரண்டி’ பேசுபவர்தான் சந்தேகத்துக்குரியவர்.

ரிப்பேரே செய்யக் கூடாத இடத்தில் ரெசின் போட்டுப் பணம் வாங்குவதும் ஏமாற்றுதான். உள்தகடு உடைந்திருந்தாலும், படலம் கிழிந்திருந்தாலும், விரிசல் விளிம்பைத் தொட்டிருந்தாலும் ரெசின் உதவாது. ஓட்டுபவரின் நேர் எதிரே உள்ள சேதத்திலும் எச்சரிக்கை வேண்டும். அடைத்த இடம் இரவில் எதிர் வண்டியின் விளக்கைச் சிதறடிக்கும். பிரிட்டனின் பி.எஸ். ஏ.யூ. 242ஏ தர விதி, ஓட்டுபவருக்கு நேரே உள்ள 290 மி.மீ. அகலப் பட்டையில் 10 மி.மீ.க்கு மேற்பட்ட சேதத்தை ரிப்பேர் செய்வதை ஏற்பதில்லை. சில கார்களில் முன் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் ஓட்டுநர் உதவிக் கேமரா பார்க்கும் பகுதியில் சில்லு இருந்தாலும் ரெசினை நம்ப வேண்டாம். பக்கக் கண்ணாடிகளோ பெரும்பாலும் டெம்பர்டு (சூடேற்றிக் கடினமாக்கிய ஒற்றைத் தகடு) வகை. உடைந்தால் பொடியாகும், அதற்கு ரெசின் வேலையே கிடையாது.

இதற்கு நேர்மாறான ஏமாற்றும் நடக்கிறது. எளிதில் அடைக்கக்கூடிய சில்லைக் காட்டிப் பயமுறுத்தி, கண்ணாடியையே மாற்ற வைப்பது. சம்மதிக்கும் முன் இன்னொரு கடையில் காட்டுங்கள். மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால் மூன்று கேள்விகள் கேளுங்கள்: யூரித்தேன் பசை இறுகி வண்டியை எடுக்க எத்தனை மணி நேரம், பழைய பசையைச் சுரண்டும்போது பாடியில் கீறல் விழுந்தால் துருப்பிடிக்காமல் பிரைமர் அடிப்பார்களா, கேமரா இருந்தால் அதன் பார்வையைச் சரிசெய்யும் கேலிப்ரேஷன் யார் செய்வது. விபத்தில் பயணி பக்க ஏர்பேக் விரியும்போது முன் கண்ணாடிதான் அதற்கு முட்டுக் கொடுக்கிறது. பசை இறுகாமல் ஓட்டினால் அந்த முட்டு இருக்காது.

வண்டி நிறுத்துமிடத்தில் தானாக வந்து, ‘உங்கள் கண்ணாடியில் சில்லு இருக்கிறது, இன்சூரன்ஸில் இலவசமாகப் போட்டுத் தருகிறோம்’ என்று தாளை நீட்டுபவரிடம் கையெழுத்துப் போடாதீர்கள். கிளைம் உரிமையைக் கடைக்கே எழுதிக்கொடுக்கும் வாசகம் அதில் இருக்கலாம். வேலை செய்ததைவிடப் பெரிய பில் உங்கள் பெயரில் போகும். சூப்பர் குளூ வைத்து அடைப்பவர்களும் உண்டு. அது குழியின் வாயிலேயே கெட்டியாகிக் காற்றை உள்ளே பூட்டிவிடும். இறுகினால் நொறுங்கும் தன்மையுள்ளது, அதிர்வைத் தாங்காது. பாட்டிலில் என்ன இருக்கிறது என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

சில்லு விழுந்த அன்றே குழியின் மேல் தெளிவான டேப் ஒன்றை ஒட்டிவிடுங்கள். தூசியும் தண்ணீரும் போகாமல் இருந்தாலே ரிப்பேர் பாதி சுலபமாகும். அதுவரை கார் கழுவ வேண்டாம், சூடான கண்ணாடியில் குளிர்ந்த தண்ணீர் ஊற்ற வேண்டாம், ஏ.சி. காற்றையோ ஹீட்டர் காற்றையோ கண்ணாடிப் பக்கம் திருப்ப வேண்டாம். எல்லா ஜன்னலும் மூடியிருக்கும்போது கதவை அறைந்து சாத்தவும் வேண்டாம்.

அரைகுறை ரிப்பேருக்குப் பிறகு விரிசல் ஏற்கெனவே ஓடிவிட்டவர்கள் கண்ணாடியைக் கழற்றும் முன் ஆதாரம் எடுத்துவையுங்கள். பூதக்கண்ணாடியில் பார்த்தால் விரிசல் எந்தக் காலின் நுனியிலிருந்து கிளம்பியது, அந்தக் கால் நிரம்பியிருந்ததா என்பது தெரியும். அதை நெருக்கத்தில் போட்டோ எடுத்து, ‘இந்தக் காலில் ரெசின் போகவில்லை’ என்று இரண்டாவது கடையில் எழுதி வாங்குங்கள். பில், வாரண்டிச் சீட்டு, வேலைக்கு முந்தைய போட்டோ ஆகியவற்றோடு சேர்த்து முதல் கடைக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். பழைய கண்ணாடியைக் கழற்றியவரிடமே விட்டுவிட்டால், கேட்க ஆதாரம் எதுவும் மிஞ்சாது.