எம்1 மேக்புக் ஏர் கையில் இருக்க, எம்4 ஏருக்கு மாறலாமா?

2020 நவம்பரில் வந்த, எம்1 சிப் கொண்ட ஆப்பிளின் மேக்புக் ஏர் லேப்டாப் இன்றும் பலருடைய மேசையில் தினசரி ஓடிக்கொண்டிருக்கிறது. 2025 மார்ச்சில் எம்4 ஏர் வந்ததும், மாறுவதா, இதையே இன்னும் ஓட்டுவதா என்ற கேள்வி பலருக்கு வந்துவிட்டது. வருடக்கணக்கில் ஓட்டிப் பார்த்தால் ஒன்று தெளிவாகத் தெரியும்: எம்1 ஏரில் முதலில் திணறுவது ரேம் (திறந்திருக்கும் வேலைகளைத் தற்காலிகமாக வைக்கும் நினைவகம்), அடுத்து பேட்டரி, அதற்கடுத்து வெளித்திரை இணைப்பு. சிப் இன்னும் தாக்குப்பிடிக்கிறது. அதனால் சிப்பின் எண்ணைப் பார்த்து முடிவெடுக்காமல், இந்த மூன்றில் உங்கள் வேலையைத் தடுப்பது எது என்று முதலில் பாருங்கள்.

அடிப்படை எம்1 ஏரில் 8 ஜிபி ரேம். அது சிப்போடு சேர்த்தே பொருத்தப்பட்டிருப்பதால் பிறகு கூட்ட வழியில்லை. ரேம் நிறையத் தொடங்கினால் மேக்கின் இயங்குதளமான மேக்ஓஎஸ் முதலில் உள்ளே இருப்பதைச் சுருக்கி வைக்கும். அதுவும் போதாவிட்டால் கோப்புகளைச் சேமிக்கும் எஸ்எஸ்டியில் கொஞ்சம் இடம் எடுத்து அதில் எழுதி வைக்கும். இதுதான் ஸ்வாப். எஸ்எஸ்டி வேகமாக இருப்பதால் ஆரம்பத்தில் எதுவும் தெரியாது. பிறகு அறிகுறிகள் ஒவ்வொன்றாக வரும்: நெடுநேரம் தொடாத பிரவுசர் டேப்பைத் திறந்தால் ஓரிரு நொடி உறைந்து நிற்கும், வீடியோ அழைப்பில் திரையைப் பகிர்ந்ததும் குரல் விட்டுவிட்டு வரும், ஆப் மாறும்போது வண்ணச் சக்கரம் சுற்றும்.

சோதிக்க, மேக்கிலேயே உள்ள ஆக்டிவிட்டி மானிட்டர் ஆப்பில் 'மெமரி' பகுதியைத் திறங்கள். ரீஸ்டார்ட் செய்த கையோடு பார்க்காதீர்கள். அப்போது எல்லாமே பச்சையாகத்தான் இருக்கும். இரண்டு மூன்று நாள் தொடர்ந்து ஓடிய பிறகு, வேலை மும்முரமாக நடக்கும்போது பாருங்கள். 'மெமரி யூஸ்டு' பெரிய எண்ணாக இருப்பதைக் கண்டு பயப்பட வேண்டாம். காலியாகக் கிடக்கும் ரேமைக் கோப்புகளின் நகலால் நிரப்பி வைப்பது மேக்ஓஎஸ்ஸின் வழக்கம். கவனிக்க வேண்டியவை 'மெமரி பிரஷர்' வரைபடத்தின் நிறமும் 'ஸ்வாப் யூஸ்டு' எண்ணும்தான். வரைபடம் பச்சை, ஸ்வாப் ஒரு ஜிபிக்குள் என்றால் ரேம் உங்களுக்குப் போதும். பெரும்பாலும் மஞ்சள், ஸ்வாப் நான்கைந்து ஜிபி, அடிக்கடி சிவப்பு எட்டிப்பார்க்கிறது என்றால் 8 ஜிபி போதவில்லை.

அந்த நிலையிலும், புதியது வாங்கும் முன் அதே பட்டியலை மெமரி அளவுப்படி வரிசைப்படுத்திப் பாருங்கள். பல நேரம் ஒரே ஒரு அரட்டை ஆப்போ, மூடாமல் விட்ட நூறு டேப்களோதான் பாதியை விழுங்கியிருக்கும். அரட்டை ஆப்பைப் பிரவுசர் டேப்பாகத் திறந்தாலே கணிசமாக மிச்சமாகும். எஸ்எஸ்டியில் 20, 30 ஜிபி எப்போதும் காலியாக இருக்கட்டும். 256 ஜிபி மாடலில் இடம் நிறைந்துபோனால் ஸ்வாப்புக்கே இடமின்றி மொத்தமும் தடுமாறும். இவ்வளவு செய்தும் மஞ்சள் மாறவில்லையா, மாறுவதற்கு அது நியாயமான காரணம். எம்4 ஏரின் அடிப்படை மாடலே 16 ஜிபியுடன் வருகிறது. என்னைக் கேட்டால், புதிய மாடலின் மிகப் பெரிய முன்னேற்றம் இதுதான்.

பேட்டரி விஷயத்தில்தான் பலர் அவசரப்பட்டு முழு லேப்டாப்பையே மாற்றிவிடுகிறார்கள். எம்1 ஏரின் பேட்டரி 49.9 வாட் ஹவர். 1000 சார்ஜ் சுற்றுகளுக்கு என வடிவமைக்கப்பட்டது. சிஸ்டம் செட்டிங்ஸில் பேட்டரி பக்கத்துக்குப் போய், 'பேட்டரி ஹெல்த்' அருகில் உள்ள ஐ குறியை அழுத்தினால் மிச்சமிருக்கும் கொள்ளளவு சதவீதத்தில் தெரியும். 80 என்று காட்டினால் கையில் இருப்பது சுமார் 40 வாட் ஹவர். சுற்றுகளின் எண்ணிக்கை சிஸ்டம் ரிப்போர்ட்டில் 'பவர்' என்ற பகுதியில் இருக்கும். இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள்: இணையம் பார்க்க 15 மணி நேரம், வீடியோ பார்க்க 18 மணி நேரம் என்றுதான் எம்1 ஏருக்கும் ஆப்பிள் சொன்னது, எம்4 ஏருக்கும் சொல்கிறது. அதாவது, குறை பேட்டரி மட்டும்தான் என்றால், பழைய லேப்டாப்பில் புது பேட்டரி போட்டாலே தீர்ந்துவிடும்.

மாற்றுவது கடினமான வேலையும் இல்லை. அடிமூடியில் ஐந்து இதழ் கொண்ட பென்டாலோப் திருகுகள் பத்து. உள்ளே பேட்டரி, இழுத்தால் கழன்று வரும் ஒட்டுப்பட்டைகளால் பிடித்திருக்கும். பட்டையை மெதுவாக, தாழ்வான கோணத்தில் இழுக்க வேண்டும். அவசரப்பட்டால் நடுவில் அறுந்துவிடும். அப்போது உலோகக் கருவியால் நெம்பப் போய் பேட்டரியில் துளை விழுந்தால் தீப்பிடிக்கும் அபாயம் உண்டு. கைப்பழக்கம் இல்லாதவர்கள் சேவை மையத்திடம் விட்டுவிடுவது நல்லது. டிராக்பேட் கிளிக் திடீரென இறுகினாலோ, மூடி சரியாகப் பொருந்தாவிட்டாலோ பேட்டரி உப்பியிருக்கலாம். அப்படியானால் சார்ஜ் போடாதீர்கள், தள்ளிப்போடவும் செய்யாதீர்கள்.

வெளித்திரைக்கு வருவோம். எம்1 ஏர் ஒரே ஒரு வெளித்திரையைத்தான் நேரடியாக ஏற்கும். இரண்டாவது வேண்டுமென்றால் டிஸ்ப்ளேலிங்க் வகை டாக் (மானிட்டர்களை இணைக்கும் பெட்டி) வாங்க வேண்டும். அது படத்தை மென்பொருள் வழியாகச் சுருக்கி யூஎஸ்பியில் அனுப்புவதால் சிபியூவில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். திரைப் பதிவு அனுமதி கேட்கும். பதிப்புரிமைப் பூட்டு உள்ள வீடியோ கறுப்பாகத் தெரியும். அட்டவணையும் உரையும் பார்க்கப் போதும், வீடியோ எடிட்டிங்குக்கு உதவாது. எம்3 ஏரில் இரண்டு வெளித்திரை வந்தது, ஆனால் மூடியை மூடியே வைக்க வேண்டும். எம்4 ஏரில்தான் மூடி திறந்திருக்கும்போதே இரண்டு. இரண்டு மானிட்டர் வைத்து வேலை செய்பவர்களுக்கு இது ஒன்றே மாறப் போதுமான காரணம்.

வேகம்? எம்4 உண்மையிலேயே வேகமானது. ஒற்றைக் கோர் வேலைகளில் எம்1-ஐவிட ஒன்றரை மடங்குக்கு மேல். பெரிய மென்பொருள் கம்பைல் செய்பவர்களும் ரா புகைப்படங்களைக் கட்டுக்கட்டாக ஏற்றுமதி செய்பவர்களும் முதல் நாளே உணர்வார்கள். கடிதம், பிரவுசர், விரிதாளுக்கு வித்தியாசம் மிகச் சொற்பம். அதோடு, எம்4 ஏரிலும் மின்விசிறி கிடையாது. நீண்ட நேர ரெண்டரிங்கில் சில நிமிடங்களிலேயே உடல் சூடேறி சிப் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். எம்1-இல் பார்த்த அதே நடத்தைதான், உயர்ந்த மட்டத்திலிருந்து இறங்குகிறது. உங்கள் குறையே இதுதான் என்றால் மின்விசிறி உள்ள மேக்புக் ப்ரோவைப் பாருங்கள்.

திரை 13.3 அங்குலத்திலிருந்து 13.6 ஆகியிருக்கிறது. 2560 x 1600 இப்போது 2560 x 1664. கூடிய 64 வரிசை பிக்சல்கள், திரையின் மேல்விளிம்பில் உள்ள கேமரா வெட்டின் இருபுறமும் மெனு பட்டி உட்காரும் இடம். அதனால் ஆவணத்துக்குக் கிடைக்கும் பரப்பு கிட்டத்தட்ட பழைய அளவே. ஒளி 400 நிட்ஸிலிருந்து 500, புதுப்பிப்பு வேகம் இன்னும் 60 ஹெர்ட்ஸ். காந்தத்தால் ஒட்டும் தனி சார்ஜ் இணைப்பான மேக்சேஃப் வந்ததால் சார்ஜ் ஏறும்போதும் இரண்டு யூஎஸ்பி-சி துளைகளும் காலியாக இருக்கும். கேமரா 720பி-யிலிருந்து 12 மெகாபிக்சலுக்கு வந்ததை, நாளெல்லாம் வீடியோ அழைப்பில் இருப்பவர்கள் மனமார வரவேற்பார்கள்.

இடைப்பட்ட எம்2-ஐ குறைந்த விலையில் வாங்கலாமே என்று தோன்றும். 8 ஜிபி, 256 ஜிபி எம்2 ஏரை மட்டும் தவிருங்கள். ரேம் அதே அளவு. 256 ஜிபி சேமிப்பை ஒரே நினைவகச் சிப்பில் வைத்திருப்பதால் எஸ்எஸ்டி வேகம் எம்1-ஐவிடவும் குறைவு. ஸ்வாப் தொல்லைக்காக மாறுபவருக்கு அந்தத் தொல்லை இன்னும் கூடும்.

16 ஜிபி எம்1 வைத்திருந்து ஒரே மானிட்டரில் வேலை செய்பவர்கள் பேட்டரியை மட்டும் மாற்றிக்கொண்டு தொடரலாம். 2025-இல் வந்த மேக்ஓஎஸ் 26-உம் எம்1 ஏரில் ஓடுகிறது, ஆகவே பாதுகாப்பு அப்டேட்டுக்காக இப்போதே மாறத் தேவையில்லை.

மாறுவதென முடிவாகிவிட்டால் பழைய மேக்கிலிருந்து கோப்புகளையும் ஆப்களையும் மாற்றித் தரும் மைக்ரேஷன் அசிஸ்டன்ட்டை, வேகமான தண்டர்போல்ட் கேபிளில் ஓட்டுங்கள். சார்ஜருடன் வந்த கேபிள் யூஎஸ்பி 2 வேகத்தில்தான் தரவை அனுப்பும். இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருப்பதால் ஏமாந்து மணிக்கணக்கில் காத்திருக்க நேரும். கிளம்பும் முன் சிஸ்டம் இன்ஃபர்மேஷனில் ஆப் பட்டியலைத் திறந்து 'இன்டெல்' என்று குறித்திருப்பவற்றை (பழைய இன்டெல் சிப்புக்காக எழுதப்பட்டவை) கண்டுபிடித்து, அவற்றின் புதிய பதிப்பைப் புது லேப்டாப்பில் நேரடியாக நிறுவுங்கள். பழையதை விற்பதானால் உடனே அழிக்க வேண்டாம். ஒரு வாரம் புதியதில் வேலை செய்து எதுவும் விடுபடவில்லை என்று உறுதியானதும், 'இரேஸ் ஆல் கன்டென்ட் அண்ட் செட்டிங்ஸ்' கொடுங்கள். தொலைந்த மேக்கைக் கண்டுபிடிக்க உதவும் 'ஃபைண்ட் மை' அணைந்துவிட்டதா என்று பார்த்துவிட்டே கைமாற்றுங்கள். அது இருந்தால் வாங்குபவர் உங்கள் கடவுச்சொல் இல்லாமல் லேப்டாப்பைத் தொடங்கவே முடியாது.